இதர செலவு: லாரி ஆபீஸில் ஒரு வாசிப்பு

‘லோ-கோடு’ என்கிற சொல்லை 2014இல் ஃபாரஸ்டர் என்கிற அமெரிக்க ஆய்வு நிறுவனம் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. நிரல் எழுதத் தெரியாதவரும் திரையில் கட்டங்களை இழுத்துப் போட்டு, ‘இது நடந்தால் அதைச் செய்’ என்று விதிகளைத் தேர்ந்தெடுத்து, தன் தொழிலுக்கான மென்பொருளைத் தானே கட்டிக்கொள்ளலாம். எதிர்பாராத மாற்றம் எது வந்தாலும் தானே திருத்திக்கொள்ளலாம் என்பது வாக்குறுதி. சொல் புதுசு, சரக்கு பழசு. 1959இல் உருவாகத் தொடங்கிய கோபால் மொழி (நம்மூர் கோபால் அல்ல) மேலாளரும் நிரலை வாசிக்கலாம் என்றது. 1979இல் விசிகால்க் வந்தது. நம்ம பக்கத்தில், அப்போது அட்வென்ட்நெட் என்றிருந்த ஸோஹோ 2006இல் கிரியேட்டரைக் கொண்டுவந்தது. நிரலாளன் என்கிற இடைத்தரகனை நீக்கிவிட்டால் அதிகாரம் வேலை தெரிந்தவன் கைக்கு வந்துவிடும் என்பது தலைமுறைக்கொருமுறை திரும்பச் சொல்லப்படுகிற கதையாடல். வருகிறதா? நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து லாரி ஆபீஸ்களை வைத்தே இதைக் கேட்கத் தோன்றுகிறது. எதிர்பாராதது என்பது அங்கே அன்றாடம்.

அங்கே முன்பிருந்த கருவி நீளவாக்கு நோட்டு. வாடகை, அட்வான்ஸ், டீசல், ஏற்றுக்கூலி, இறக்குகூலி, படி, பாக்கி என்று கணக்குப்பிள்ளை ஸ்கேல் வைத்துக் கோடு போடுவார். புதுசாக ஒரு செலவு முளைத்தால் இன்னொரு கோடு. அதற்கும் அடங்காதது ஓரத்தில் பென்சிலில் நிற்கும்: ‘ராய்ச்சூரில் 2 நாள் இறக்கவில்லை, டிரைவர் சொன்னது’. நிரலே இல்லாத கருவி அது. சொல்லப்போனால் லோ-கோடுக்கும் மூத்தது. நோட்டைப் போற்றிப் பாடவில்லை. அதில் மோசடி உண்டு, கரையான் உண்டு, கணக்குப்பிள்ளை லீவு போட்டால் யாருக்கும் எதுவும் புரியாது.

2017க்குப் பிறகு நோட்டால் தாக்குப்பிடிக்க முடியாமல் போனதும் உண்மை. ஜூலை 1இல் ஜிஎஸ்டி. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகிற 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில்; 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்கு ஆயுள். 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2021 ஜனவரி 1இல் அந்த 100 என்பது 200 ஆயிற்று. அடுத்த மாதமே சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் கட்டாயம், இல்லையென்றால் இரட்டிப்புக் கட்டணம். எனக்குப் பழக்கமான ஓர் ஆபீஸில், இன்ஜினியரிங் முடித்த ஓனர் மகன் இப்படியொரு கருவியில்தான் ட்ரிப் கணக்கைக் கட்டியிருந்தார். நூறை இருநூறாக்க அவருக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சேலத்தில் ஆளைப் பிடித்து மென்பொருள் எழுதி வாங்கியவர்கள் அந்த ஆளுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை.

ஆனால் யாருடைய எதிர்பாராதது இங்கே திருத்தமாகிறது? அரசாணை மாறினால் கட்டம் மாறுகிறது. இறக்குமிடத்தில் சரக்கை இறக்காமல் மூன்று நாள் வண்டியை நிறுத்திவைத்தால் எந்தக் கட்டம் மாறும்? ட்ரிப்புக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்ட டிரைவருக்கு நின்ற நாள் வெறும் நாள். “ஏனுங்க, ஹால்டிங்குக்கு இதுல எதை அமுக்கறது?” என்று கேட்டவருக்குக் கணக்குப்பிள்ளை சொன்ன பதில்: “இதரத்துல போட்டுருங்கண்ணா.” முதலில் ‘காத்திருப்பு’ என்றொரு கட்டம் இருந்தது. மாதாந்திர அறிக்கையில் அது பெரிசாகத் தெரிய ஆரம்பித்ததும் எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்கும் பத்து நிமிஷம்தான். நோட்டில் அடித்தால் அடித்த கோடாவது மிஞ்சும். திரையில் அந்தக் கட்டம் இருந்ததற்கே சாட்சியில்லை.

‘இதர செலவு’ என்பதை இந்தப் பிரதியின் நனவிலி என்று சொல்லலாம் (இதற்கெல்லாம் பிராய்டா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும்). மாமூல், பஞ்சர், கிழிந்த தார்ப்பாய், நின்ற நாள், வழியில் வாங்கிய காய்ச்சல் மாத்திரை எல்லாம் ஒரே எண்ணாகி அங்கே அடங்குகின்றன. பெயரில்லாததற்குப் பேரம் பேச முடியாது. ஓனருக்கும் இதில் நஷ்டமுண்டு: எத்தனை நாள் நின்றது என்ற பதிவில்லாமல் பார்ட்டியிடம் ஹால்டிங் கேட்க அவருக்கும் வாயில்லை. அப்படியும் அந்தக் கட்டம் திரும்பவில்லை. கேட்டு வாங்குவதைவிடக் கொடுக்காமலிருப்பது லேசு என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

இந்த விடுபடல் லாரி ஆபீஸோடு நிற்பதில்லை. இ-வே பில்லின் இரண்டாம் பகுதி வண்டி எண்ணைக் கேட்கிறது. வண்டி பழுதாகிச் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினால் புது எண்ணைச் சேர்க்க வழி வைத்திருக்கிறார்கள். இயந்திரம் நின்றுபோவதை அரசு முன்கூட்டியே யோசித்திருக்கிறது. ஓட்டுகிறவர் பெயருக்கு அங்கே இடமே இல்லை. 2020இல் மார்ச் 20க்கும் ஏப்ரல் 15க்கும் இடையில் காலாவதியாகவிருந்த பில்களுக்கு ஏப்ரல் 30 வரை ஆயுள் நீட்டித்தார்கள். சீட்டுக்கு நீட்டிப்பு கிடைத்தது. அந்தச் சீட்டோடு ரோட்டோரம் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு கிடந்தவரின் படியை நீட்டிக்கச் சொல்லி எந்த அறிவிக்கையும் வரவில்லை.

இப்போது டிரைவர்கள் வாட்ஸப்பில் குரல்பதிவு அனுப்புகிறார்கள். கணக்குப்பிள்ளை அதைக் கேட்டு மேஜை டிராயரில் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்கிறார். ட்ரிப் கணக்கு முடிக்கிற அன்று திரை ஒரு தொகை சொல்கிறது, டிராயர் ஒரு தொகை சொல்கிறது. ஓனர் மகன் திரையைத்தான் திருப்பிக் காட்டுகிறார். யார் பார்க்கலாம், யார் எழுதலாம், யார் கட்டத்தை மாற்றலாம் என்று தனித்தனியாக அனுமதி தருகிற வசதி இந்தக் கருவிகளிலேயே இருக்கிறது. டிரைவர் திறக்கவும் ஓனர் மூட முடியாமலும் ஒரு கட்டம் வைப்பதற்கு நிரல் ஒரு வரிகூடத் தேவையில்லை. நான் பார்த்த ஆபீஸ்களில் அப்படி ஒன்றை யாரும் வைத்திருக்கவில்லை.