ஒரே மேசையில் நாலு நாளிதழ்

ஆட்சி நிலைக்குமா, கூட்டணி உடையுமா என்று தெரியாத நாட்களில் திருவனந்தபுரம் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிடுகிறது. இரவு எட்டு மணிக்கு மலையாளச் சேனல்களில் ‘அந்திச்சர்ச்சை’ என்ற அரசியல் விவாதம். நாலு பேர் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள். கேட்டு முடித்தவருக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம். இதே ஊரில் வேறொரு பழக்கமும் உண்டு: வாயனசாலை எனப்படும் ஊர்ப் படிப்பகத்துக்குப் போய்ச் செய்தித்தாள் வாசிப்பது.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு நூலக இயக்கம் இருக்கிறது. 1945-ல் பி.என். பணிக்கர் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலா (நூலக) சங்கத்தைத் தொடங்கினார். அவர் மறைந்த ஜூன் 19-ஐக் கேரளம் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறது.

வாயனசாலைப் பழக்கத்தின் பெரிய பலம் அங்குள்ள மேசைதான். மார்க்சிஸ்ட் கட்சியின் தேசாபிமானி, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் ஜனயுகம், மலையாள மனோரமா, கேரள கௌமுதி எல்லாம் அதில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். தலைமைச் செயலகத்தின் முன் நடந்த ஒரே போராட்டம் ஒன்றில் முதல் பக்கத்தில் இருக்கும், இன்னொன்றில் உள்ளே ஒரு மூலையில். ஒருவர் நடுத்தாளை உருவி அடுத்தவரிடம் நீட்டுவார். அவர் படித்துவிட்டு மறுத்துப் பேசுவார். செய்தி எங்கே முடிகிறது, கட்சியின் ஆசை எங்கே தொடங்குகிறது என்பது அப்போது பிடிபடும். வீட்டுக்கு ஒரே நாளிதழ் வாங்குகிறவருக்கு இது வாய்க்காது.

பழைய செய்தியும் தைரியம் தரும். 1947 ஜூன் 11-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், அது தனி நாடாகும் என்று அறிவித்தார். அன்று இந்த ஊர் எப்படிக் கலங்கியிருக்கும்! ஜூலை 25-ல் அவர் வெட்டுப்பட்டார். அந்த மாதம் முடிவதற்குள் மகாராஜா இந்தியாவுடன் இணையச் சம்மதித்தார். 1959 ஜூலை 31-ல் கலைக்கப்பட்ட கேரள ஆட்சியின் முதல்வர் ஈ.எம்.எஸ்., 1967-ல் மறுபடியும் முதல்வரானார்.

ஆனால் ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. திவானை எதிர்த்து எழுதியதற்காக 1910 செப்டம்பரில் நாடுகடத்தப்பட்ட ‘சுதேசாபிமானி’ ராமகிருஷ்ண பிள்ளை திரும்பி வரவே இல்லை. 1916-ல் கண்ணூரில் இறந்தார். நிதானம் அலட்சியமாக மாறினால் அதைவிடக் கலக்கமே மேல்.

வாயனசாலையின் குறைகளும் சிறியவை அல்ல. பல வாயனசாலைகளின் நிர்வாகக் குழுவில் கட்சி நிறம் உண்டு. இளைஞர்கள் அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்க வருகிறார்கள். அரசியல் பேச உட்காருவதில்லை. எல்லாவற்றிலும் பெரிய குறை, மாலை நேரத்து மேசையைச் சுற்றிப் பெரும்பாலும் ஆண்களே இருப்பது. விலைவாசி, ரேஷன், குடிநீர் என்று அரசியல் முடிவுகளின் சுமையை முதலில் தாங்குகிற பெண்கள் அந்த நேரத்தில் அடுப்படியில் நிற்கிறார்கள். நூலகர்கள் வீடு தேடிப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் புத்தகம் வீட்டுக்கு வந்தாலும் விவாதம் கூடவே வருவதில்லை.

பதற்றமான செய்திக்கு இந்த மேசையைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. வாயனசாலைக் குழுக்கள் கதவைப் பெண்கள் வர முடிகிற நேரத்திலும் திறந்து வைக்கட்டும்.