பெருக்கமும் தெரிவும்: பிறின்ஸின் இசைத்தட்டுக்கள் பற்றிய ஒரு நோக்கு

கலைஞனொருவன் வெளியிட்டவை யாவற்றையும் கால ஒழுங்கில் நிரைப்படுத்தி, அதனையே அவனது வளர்ச்சி வரலாறாகக் கொள்வது விமர்சகர் பலரின் வழக்கம். அமெரிக்கக் கறுப்பின இசைக்கலைஞரான பிறின்ஸைப் (1958–2016) பொறுத்தவரை இவ்வழக்கம் அதிக தூரம் செல்லாது. 1978 முதல் அவரது வாழ்நாளில் ஏறத்தாழ 40 தொகுப்புகள் வெளிவந்தன. பிறருக்கு எழுதிக் கொடுத்தவையும் புனைபெயர்களில் மறைந்தவையும் இவற்றுக்குப் புறம்பானவை. மினியாபொலிஸ் நகரை அடுத்த அவரது பெய்ஸ்லி பார்க் மனையின் பெட்டகத்திலே பூட்டிவைக்கப்பட்டிருந்தவையும் மிகப் பல. எனவே, எது வெளிவந்தது என்பதுடன், எதனை யார் தடுத்தார் என்பதும் இங்கு ஆராயப்பட வேண்டியதாகின்றது.

இப்பெருக்கத்திற்கான காரணம் அவரது உற்பத்தி முறையிலேயே உள்ளது. ஜேம்ஸ் பிறவுண் வழிவந்த ஃபங்க் இசை, தாளச் சுற்றின் முதலடிக்கு அழுத்தங் கொடுப்பது. கருவிகள் ஒவ்வொன்றும் சிறு தாளத் துணுக்கொன்றை மீள மீள இசைக்க, அவற்றின் பின்னலிலே உயிர் பெறுவது. அடிப்படையில் அது பலர் கூடி நிகழ்த்தும் கலை. பிறின்ஸோ தமது முதல் இசைத்தட்டிலேயே கருவிகள் அனைத்தையும் தாமே வாசித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்தார். பின்னர் தாளப்பொறியும் துணைக்கு வந்தது. பிறருக்காகக் காத்திருக்க வேண்டாதவன் விரைந்து படைப்பதில் வியப்பில்லை. இவ்வாறு சேர்த்துச் சேர்த்துக் கட்டியவர் கழிக்கவும் அறிந்திருந்தார் என்பதே முக்கியம். 1984 இல் வெளிவந்த 'வென் டவ்ஸ் க்றை' என்னும் பாடலிலிருந்து பேஸ் கிற்றாரை முற்றாக நீக்கினார். நடனத்திற்குரிய பாடலொன்றில் அடித்தளத்தையே அகற்றுவது சாதாரண துணிவன்று.

ஆனால், பாடலினுள்ளே கழிக்கத் தெரிந்தவர் பாடல்களுக்கிடையே கழிப்பதற்கு அத்துணை விரும்பினாரல்லர். 1986 இன் இறுதியில் 'கிறிஸ்ரல் போல்' என்ற பெயரில் மூன்று தட்டுக்கள் கொண்ட தொகுப்பொன்றை அவர் முன்வைத்தபோது, வோணர் நிறுவனம் ஏற்க மறுத்தது. நிறுவனத்தின் நோக்கம் வணிக நோக்கமே, கலைப் பிரக்ஞையன்று. எனினும், அந்நெருக்குதலின் விளைவாகச் சுருங்கி 1987 இல் இரு தட்டுக்களாக வெளிவந்த 'சைன் ஓ த ரைம்ஸ்' அவரது ஆக்கங்களுள் தலையாயது எனலாம். நகர வறுமையும் காமமும் பக்தியும் 16 பாடல்களில் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

1993 இல் அவர் தமது பெயரைத் துறந்து ஒரு குறியீட்டைச் சூடியதும், கன்னத்தில் 'அடிமை' என எழுதிக்கொண்டு மேடையேறியதும் பலரால் எள்ளி நகையாடப்பட்டன. கோடிகள் பெறும் நட்சத்திரமொருவர் அச்சொல்லை எடுத்தாள்வதிலுள்ள முரண் உண்மையே. ஆயினும், உழைப்பவன் தன் மூலப்பதிவுகளுக்கு உரிமையாளனல்லன் என்ற அடிப்படை வினாவை அந்நகைப்பு மறைத்துவிட்டது. அவ்வுரிமை 2014 இலேயே அவர் கைக்கு மீண்டது.

ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டதும் 1996 இல் அவர் வெளியிட்ட 'எமான்சிப்பேஷன்' மூன்று தட்டுக்களும் மூன்று மணி நேரமும் கொண்டது. தட்டொன்றுக்குச் சரியாக ஒரு மணி, 12 பாடல்கள். இங்கு அளவு முன்னரே தீர்மானமாகிவிட, அதனை நிரப்பப் பாடல்கள் தேடப்பட்டனவோ என்ற ஐயம் எழுகின்றது. நல்ல பாடல்கள் இல்லாமலில்லை. அவற்றை அடைவதற்குக் கேட்போன் பெரிதும் பொறுமை காக்க வேண்டியுள்ளது. பாடியோனே தொகுத்தோனுமாகியபோது, தொகுத்தோன் தளர்ந்துவிட்டான்.

உயில் எழுதாமலே பிறின்ஸ் இறந்தமையால், தெரிவு இன்று பிறர் பொறுப்பாயிற்று. 2020 இல் 'சைன் ஓ த ரைம்ஸ்' விரிந்த பதிப்பாக வெளிவந்தபோது, முன்னர் வெளிவராத பாடல்கள் பல அதனுடன் இணைக்கப்பட்டன. ஆய்வாளனுக்கு இது பெருவிருந்து. அடுத்த ஆண்டில் வெளிவந்த 'வெல்கம் ரு அமெரிக்கா' வேறு வகையானது. 2010 இல் பதிவான அத்தொகுப்பைப் பெட்டகத்துள் வைத்தது எந்த நிறுவனமுமன்று, பிறின்ஸேதான்.