சொல்லும் சிகிச்சையும்: ‘கற்பழிப்பு’ முதல் ‘அதிஜீவித’ வரை

முன்னுரை

பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான பெண்ணுக்கு முதலில் தேவைப்படுவது மருத்துவமா, தூய்மைச் சான்றா? இவ்வினாவிற்கு ஒரு சமூகம் அளிக்கும் விடை, அக்கொடுமைக்கு அச்சமூகம் இட்டு வழங்கும் பெயரிலேயே அடங்கியுள்ளது. இதனைத் தமிழ், மலையாளச் சொல்வழக்குகளையும் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையையும் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லாட்சி

தமிழ் இதழ்களில் நெடுங்காலம் வழங்கிய சொல் ‘கற்பழிப்பு’. இச்சொல்லில் அழிவது கற்பு. காயமுறும் உடலுக்கு அதில் இடமில்லை. மலையாளத்தில் வழங்கும் ‘மானபங்கம்’ என்பதும் இத்தகையதே. 2017 பிப்ரவரியில் கொச்சியில் நடிகை ஒருவர் ஓடும் காரில் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்ட வழக்கினையொட்டி, மலையாள ஊடகங்களில் ‘அதிஜீவித’ என்னும் சொல் பரவலாயிற்று. கொடுமையைக் கடந்து வாழ்பவள் என்பது அதன் பொருள். இழந்ததைச் சுட்டாமல், வாழும் ஆளைச் சுட்டுவது இச்சொல்லின் சிறப்பு.

மட்டாஞ்சேரி, கோட்டைக்கொச்சிப் பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழர் இவ்விரு மொழி வழக்குகளுக்கும் இடையே வாழ்கின்றனர். மட்டாஞ்சேரி அரசுப் பெண்கள், குழந்தைகள் மருத்துவமனைக்கு வரும் தமிழ்ப்பெண் ஒருத்தி எச்சொல்லால் தன் நிலையை உரைப்பாள் என்பது மொழியியல் வினா மட்டுமன்று. எத்தகைய உதவியைக் கேட்க அவளால் இயலும் என்பதும் அதனுள் அடங்கும்.

தாயின் நீராட்டு

1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்த ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில், மழையில் பேருந்துக்குக் காத்திருந்த மாணவி அறிமுகமற்ற ஒருவனின் காரில் ஏறி, நேர்ந்ததைத் தாயிடம் அழுதுரைக்கிறாள். தாய் முதலில் அடிக்கிறாள். அண்டையாரிடம் உண்மையை மறைக்கிறாள். பின்னர் மகளின் தலையில் நீரூற்றித் தூய்மையாளாக அறிவிக்கிறாள். பெண்ணின் இசைவு குறித்து இக்கதை எழுப்பிய விவாதம் பெரிது. எனினும் மகளைத் தள்ளாது ஏற்ற அத்தாயின் செயல் தமிழ்ப் புனைகதையில் ஒரு திருப்பம் என்பதில் ஐயமில்லை. 1970இல் நூலான ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் தாய் கூக்குரலிட, தமையன் அவளை வீட்டை விட்டு வெளியேற்றுவது, அந்த ஏற்பின் அருமையைப் புலப்படுத்தும்.

ஆயினும் தாயின் பரிவு கற்பு என்னும் சொல்லின் எல்லையைக் கடக்கவில்லை. அவள் மறுப்பது ‘களங்கம்’ என்னும் தீர்ப்பை. களங்கம் என்னும் அளவுகோலை அன்று. மகளின் காயம், கருவுறும் அச்சம், நோய்த்தொற்று ஆகியன கதையில் வினாக்களாகவே எழவில்லை. இன்றைய தடயவியல் நோக்கில், அந்நீராட்டு உடலிலுள்ள சான்றுகளையும் கழுவிவிடும்.

மருத்துவத்தின் மொழி

இக்குறைக்கு மருத்துவத்துறையும் விலக்கன்று. ‘இருவிரல் சோதனை’ என்பது கற்பென்னும் கருத்தாக்கம் மருத்துவ உடையணிந்து வந்ததே ஆகும். உச்ச நீதிமன்றம் அதனை 2013இல் கண்டித்தது. 2014ஆம் ஆண்டின் நடுவண் நலத்துறை நெறிமுறைகள் விலக்கின. 2022இல் நீதிமன்றம் மீண்டும் கண்டிக்க நேர்ந்தது. சட்டத்தினும் சொல்வழக்கு வலிது என்பதற்கு இதுவே சான்று.

2013ஆம் ஆண்டுத் திருத்தத்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்ந்த 357இ பிரிவு, அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்தும் கட்டணமின்றி உடனடிச் சிகிச்சை அளிக்கப் பணித்தது. 2024 ஜூலை முதல் இது புதிய சட்டத்தின் 397ஆம் பிரிவாக நடைமுறையிலுள்ளது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்குதல் வேண்டும். எனவே வீட்டிற்குள் மறைத்து வைக்கப்படும் ஒவ்வொரு நாழிகையும் சிகிச்சைக்கு இழப்பாகும்.

முடிவுரை

தாயின் சொல் மகளை உயிருடன் காத்தது; எனினும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் சொல் அவளிடம் இல்லை. ‘பாலியல் வன்கொடுமை’ என்னும் தமிழ் வழக்கு, குற்றத்தைக் கற்பினின்று பிரித்து அப்பாதையைத் திறந்துள்ளது. கொடுமைக்கு ஆளானவரைக் குறிக்க ‘அதிஜீவித’ போன்றதொரு சொல் தமிழில் நிலைபெறுதல் அடுத்த தேவை. நீராட்டிய அத்தாயின் பரிவும், சிகிச்சை பெறும் உரிமையும் அச்சொல்லில் ஒருங்கே அமைதல் வேண்டும்.