வாரம் ஐந்து பாட்டு

திங்கட்கிழமை பிறந்தால் எனக்கு ஐந்து பாட்டு. காசு கொடுக்க வேண்டாம், திருப்பித் தரவும் வேண்டாம். ஒஹாயோவில் நான் குடியிருக்கும் சிற்றூரின் பொது நூலகம் தருகிறது. வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி, அடையாளச் சான்றைக் காட்டி, சில நிமிடங்களில் கையில் வாங்கிய நூலக அட்டைக்குள் இவ்வளவு சங்கீதம் இருக்கும் என்று வந்த புதிதில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

சேவையின் பெயர் ஃப்ரீகல். அமெரிக்காவில் ஏராளமான ஊர்களின் நூலகங்கள் இதற்குச் சந்தா கட்டியிருக்கின்றன. அட்டை எண்ணையும் ரகசிய எண்ணையும் போட்டு உள்ளே போனால் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பாட்டுகள். வேண்டியதைத் தொட்டால் எம்பி3 கோப்பாக இறங்கிவிடும். அந்தக் கோப்பில் பூட்டு எதுவும் கிடையாது. கணினி, கைப்பேசி, பென் டிரைவ் என்று எதில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். நாளைக்கே நான் வேறு மாநிலத்துக்குப் போய் அட்டை செல்லாமல் போனாலும் பாட்டு என்னுடையதுதான். மாதக் கட்டணச் செயலிகளில் பணம் நின்ற அன்றே பாட்டும் நின்றுவிடும். இங்கே அந்தப் பயமே இல்லை. திருட்டுக் கோப்பு என்ற உறுத்தலும் இல்லை. நூலகம் பணம் கட்டுகிறது, உரிமையுள்ளவர்களுக்கு அது போய்ச் சேர்கிறது.

வாரத்துக்கு இத்தனைதான் என்ற அளவை ஒவ்வொரு நூலகமும் வைத்துக்கொள்கிறது. சில ஊர்களில் மூன்று, எங்கள் ஊரில் ஐந்து. ஐந்துதானா என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு உடனே கையைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்லத் தோன்றும்: ஐயா, அந்த ஐந்தில்தான் எல்லாமே இருக்கிறது!

மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வை எடுத்துக்கொள்ளுங்கள். 1959-இல் கொலம்பியா வெளியிட்ட ஜாஸ் இசைத்தட்டு. முதலில் வந்த வடிவத்தில் மொத்தமே ஐந்து உருப்படிகள். ஐந்தும் சேர்ந்தால் முக்கால் மணி நேரம். ஒரே வாரத்தில் முழுத்தட்டும் என் கைக்கு வந்தது! டேவிஸின் டிரம்பெட், ஜான் கோல்ட்ரேனின் சாக்ஸபோன், பில் எவன்ஸின் பியானோ. அடுத்த திங்கள் வரை வேறு புதிது கிடையாது என்பதால் காலையில் அது, மாலையில் அது, பாத்திரம் தேய்க்கும்போதும் அதுவே. வெள்ளிக்கிழமை வாக்கில், பியானோ எங்கே விலகி டிரம்பெட்டுக்கு இடம் விடுகிறது என்று காதுக்கு முன்கூட்டியே தெரிய ஆரம்பித்துவிட்டது. ஆயிரம் பாட்டு ஒரேயடியாகக் கிடைத்த காலத்தில் ஒரு தட்டோடு இப்படிக் குடித்தனம் நடத்தியதே இல்லை நான்.

இன்னொரு தட்டு இதற்கு நேர் எதிர். க்ளென் கூல்ட் பியானோவில் வாசித்த பாக்கின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’. தொடக்கத்தில் ‘ஏரியா’ என்ற ஒரு மெட்டு, அதன்மேல் முப்பது வேறுபாடுகள், கடைசியில் அதே ஏரியா. ஆக முப்பத்திரண்டு துண்டுகள். ஒரு நிமிடம்கூட ஓடாத துண்டையும் நூலகம் ஒரு பாட்டாகத்தான் கணக்கு வைக்கும். முழுசாகச் சேர்க்க ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகிவிடும். அது எவ்வளவு பெரிய கொடுப்பினை தெரியுமா? வாரம் ஐந்து வேறுபாடுகளை மட்டும் கேட்டுக்கொண்டு, இடது கை என்ன செய்கிறது, வலது கை என்ன செய்கிறது என்று தனித்தனியாகப் பிடித்துப் பார்க்கலாம். இருபத்திரண்டு வயதில், 1955-இல், கூல்ட் பாய்ந்து பாய்ந்து வாசித்த பதிவு ஏறக்குறைய முப்பத்தெட்டு நிமிடம். அதையே 1981-இல் மறுபடி வாசித்தபோது ஐம்பத்தொரு நிமிடம் எடுத்துக்கொண்டார். இரண்டும் இங்கே இருக்கின்றன. முதல் ஏரியாவை மட்டும் இரண்டு பதிவிலும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். அதே சுரங்கள், ஆனால் வாசிப்பவர் வேறொரு மனிதர்!

டேவிஸும் கூல்டும் பதிவு செய்தது ஒரே அறையில் என்று தெரிந்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. நியூயார்க்கின் முப்பதாவது தெருவில், பழைய தேவாலயம் ஒன்றைக் கொலம்பியா பதிவுக்கூடமாக மாற்றி வைத்திருந்தது. கொலம்பியாவின் இசை இன்று சோனியிடம் இருக்கிறது, சோனியின் சேமிப்பு ஃப்ரீகலில் இருக்கிறது. அதனால்தான் அந்த உயரமான கூரைக்கடியில் எழுந்த ஓசை எங்கள் ஊர் நூலகம் வழியாக எனக்கு வருகிறது.

டேவ் ப்ரூபெக்கின் ‘டைம் அவுட்’ என்ற ஜாஸ் தட்டும் 1959-இல் அங்கேதான் பதிவானது. அதில் பால் டெஸ்மண்ட் அமைத்த ‘டேக் ஃபைவ்’ ஐந்து எண்ணிக்கையில் ஓடுவது. கோடையில் வந்து தங்கியிருந்த அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அவர் கை தானாகத் தொடையில் தாளம் போட்டது.

“கண்ட சாப்பு மாதிரி இருக்கேடா. ஆனா பிரிக்கிற இடம் வேற. நாம ரெண்டும் மூணும் போடுவோம், இவங்க மூணும் ரெண்டும் போடுறாங்க. யாருடா இவங்க?”

“அமெரிக்காக்காரங்கதாம்பா. 1958-ல நம்ம நாட்டுக்கும் வந்து வாசிச்சிருக்காங்க.”

“அப்படியா! இன்னொரு தடவை போடு.”

அடுத்து அதே தட்டிலிருந்து ‘ப்ளூ ரோண்டோ அ லா டர்க்’ போட்டேன். ஒன்பது எண்ணிக்கை, இரண்டு இரண்டு இரண்டு மூன்று என்று வெட்டுப்பட்டு ஓடும். துருக்கியில் தெருக் கலைஞர்கள் வாசிக்கக் கேட்டு ப்ரூபெக் பிடித்துக்கொண்ட தாளம் அது. அப்பா அதற்கப்புறம் சாப்பிட எழுந்திருக்கவில்லை.

வீட்டில் மனைவிக்கும் மகளுக்கும் தனித்தனி அட்டை உண்டு. அவரவர் ஐந்து அவரவர் உரிமை, அதில் யாரும் தலையிடுவதில்லை. மூவர் சேர்த்ததையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் காரில் செருகி வைத்திருக்கிறோம். தென்கிழக்கு ஒஹாயோவின் குன்றுகளுக்குள் புகுந்தால் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. அங்கேயும் எங்கள் பாட்டு நிற்காது.

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் யாராக இருந்தாலும் நான் முதலில் கேட்பது, “உங்க ஊர் லைப்ரரி கார்டு எடுத்தாச்சா?” என்பதுதான். உங்கள் நூலகத்தின் இணையப் பக்கத்தில் இசை என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். ஃப்ரீகல் இருந்தால் இன்றைக்கே ஐந்தையும் எடுத்துவிடுங்கள். எடுக்காமல் விட்டது அடுத்த வாரத்துக்குச் சேராது.

எதில் தொடங்குவது என்று கேட்டால் பெஸ்ஸி ஸ்மித் பாடிய ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ என்பேன். 1925 ஜனவரியில், மின்சார ஒலிவாங்கி புழக்கத்துக்கு வருவதற்குச் சற்று முன்னால், ஒரு கூம்புக்குள் பாடிப் பதிவு செய்தது. இளம் லூயி ஆம்ஸ்ட்ராங் கார்னெட் என்ற ஊதுகருவியில் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே போவார். பின்னால் சுருதி போல இழைவது பியானோ அல்ல, ஹார்மோனியம்!