பழத்தோட்டத்தில் பார்த்தீனிய எரு: குணமும் குற்றமும்

பெங்களூரைச் சூழ்ந்துள்ள மேட்டு நிலத்தில், ராமநகரத்து மாந்தோப்பாயினும், தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரப் பக்கத்துத் திராட்சைத் தோட்டமாயினும், சீனிவாசபுரத்து மாஞ்சோலையாயினும், கோடைமழை நிலத்தை நன்றாக நனைத்ததும் மரவரிசைகளின் இடைவெளியில் முதலில் தலைகாட்டுவது உழவன் விதைத்த பயிரன்று. பார்த்தீனியம் என்னும் அயல்நாட்டுக் களையே. இதனை என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்நாளில் விவசாயிகளிடையே மதிப்புப் பெற்றுவரும் விடை, அதை மண்ணுக்கே எருவாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பதாகும். சிலர் பச்சையாகவே உழுது மடக்குகிறார்கள். சிலர் அறுத்து மரத்தூரில் மூடாக்காகப் பரப்புகிறார்கள். சிலர் குழியில் இட்டு மக்கவைக்கிறார்கள். இம்மூன்றையும் ஒரே முறையாகப் பாவித்து ஒரே மூச்சில் புகழ்வது வழக்கமாகிவிட்டது. அப்புகழ்ச்சியில் நியாயமும் அபாயமும் கலந்தே கிடக்கின்றன; அவற்றைப் பிரித்தறிய வேண்டுமாயின், செடியைப் பார்த்தால் போதாது, அதன் வேரடியில் கண்ணுக்குப் புலப்படாமல் வாழும் நுண்ணுயிர்களின் நிலையையும் விசாரித்தாக வேண்டும்.

வெப்ப அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, 1955ஆம் ஆண்டில் புனே நகரில் கண்டறியப்பட்ட பின்னர், ஒரு தலைமுறைக்குள் தேசத்தின் பெரும்பகுதியிலும் பரவிவிட்டது. பெங்களூரில் காலிமனை, ரயில்பாதை ஓரம், ஏரிக்கரை என ஓரிடத்தையும் விட்டுவைக்காத இதனைக் கன்னடியர் காங்கிரஸ் கிடா என்கிறார்கள். இளஞ்செடியைக் குனிந்து நோக்கினால், கேரட் இலையைப் போல் பிளவுபட்ட இலைகள் நாற்புறமும் வட்டமாகத் தரையோடு தரையாகப் படிந்திருப்பது தெரியும். அவ்வட்டத்தை விரலால் தூக்கிப் பார்த்தால், அடியில் வெளிச்சம் காணாமல் வெளுத்துப்போன இரண்டொரு புல்முளைகளன்றி வேறெதுவும் இராது. பின்னர் நடுவிலிருந்து தண்டு கிளம்பி, மார்பளவு வரை உயர்ந்து, சிறு வெண்பூக்களைச் சொரியத் தொடங்கும். முளைத்த ஒரு மாதத்திலோ ஒன்றரை மாதத்திலோ பூத்துவிடும் இயல்பும், நன்கு வளர்ந்த ஒரே செடி பதினாயிரத்துக்கு மேற்பட்ட விதைகளை உதிர்க்கும் ஆற்றலும் உடையதாகையால், மே மாதத்திலும் மீண்டும் செப்டம்பர், அக்டோபரிலும் மழை மிகும் பெங்களூர்ச் சீமையில் ஓராண்டுக்குள்ளேயே பல தலைமுறைகளை அது கண்டுவிடுகிறது.

அண்டைச் செடிகளை இக்களை வெல்வதற்கு நிழலும் நீர்ப்பசியும் மட்டுமே காரணமல்ல என்பதைப் பரிசோதனை வாயிலாக விளக்கிய பெருமை பெங்களூர்ப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்களான காஞ்சன், ஜெயச்சந்திரா ஆகிய இருவருக்கும் உரியது. 1979 முதல் 1981 வரை அவர்கள் வெளியிட்ட ஆய்வுரைகளின் சாரம் இது: பார்த்தீனியத்தின் வேரிலிருந்து கசியும் பொருள்களும், மழைநீர் இலைகளிலிருந்து கழுவி இறக்கும் பொருள்களும், செடி செத்து மண்ணில் கலந்தபின் அதன் சக்கையினின்று வெளிப்படும் பொருள்களும் பிற தாவரங்களின் வளர்ச்சியைத் தடுக்கின்றன, தக்காளி, கத்தரி போன்றவற்றின் சூலகமுடியில் படியும் இதன் மகரந்தமுங்கூடக் காய்ப்பிடிப்பைக் குறைக்கிறது. பார்த்தெனின் என்ற கசப்புப் பொருளும், காஃபீயிக், வானில்லிக், ஃபெருலிக் முதலிய அமிலங்களும் இவ்வினைக்குக் காரணமென்று கண்டார்கள். 1981ஆம் ஆண்டின் ஆய்வுரை இன்னும் ஒரு படி கீழிறங்கி, காற்றின் நைட்ரஜனைப் பிடித்து நிலைப்படுத்தும் பாக்டீரியாக்களும், அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களும் இப்பொருள்களால் ஒடுங்குகின்றன என்பதை எடுத்துக் காட்டியது.

பழத்தோட்டக்காரருக்கு இந்த இறுதி முடிவே எல்லாவற்றினும் முக்கியமானது. ஏனெனில், மானாவாரி மாந்தோப்பின் இடைவெளியில் அவர் விதைக்கும் கொள்ளும், மொச்சையும், காராமணியும், சணப்பையும் தம் வேர்முடிச்சில் வாழும் ரைசோபியம் என்னும் பாக்டீரியாவின் தயவினாலேயே தழைச்சத்தைச் சேகரிக்கின்றன; அவர் இடும் சாணமும் தழையும் மரத்துக்கு உணவாக மாறுவதும் மண்ணிலுள்ள பாக்டீரியாக்களின் உழைப்பினாலேயாம். பார்த்தீனியத்தைப் பச்சையாக மடக்கி, மறுவாரமே அதன் மேல் கொள்ளு விதைப்பவர், பயிருக்குத் துணைநிற்க வேண்டிய உயிர்களை விதைப்பதற்கு முன்பே தளர்த்திவிடுகிறார். முளைப்பு மெலிந்து, முடிச்சுகள் குறைந்து, பயிர் வெளிறி நிற்கும்போது விதையின்மேலும் வானத்தின்மேலும் பழி சுமத்தப்படுகிறது.

எனினும், இவ்வளவோடு நிறுத்திவிட்டு, பார்த்தீனியம் மண்ணுக்கு நிரந்தர விஷம் என்று முடிவு கட்டுவது உண்மைக்கு மாறாகும். பார்த்தெனின் மண்ணில் காலகாலத்துக்கும் தங்கிக் கிடக்கும் பொருளன்று. உயிருள்ள மண்ணில் அது நாட்கணக்கில் சிதைந்துவிடுகிறது, அதைச் சிதைப்பவையும் நுண்ணுயிர்களே. ஆகவே சில நுண்ணுயிர்கள் இக்களையினால் துன்புறுவதும், வேறு சில அதன் நஞ்சையே உணவாக்கித் தீர்ப்பதும் ஒரே மண்ணில் ஒரே காலத்தில் நிகழ்கின்றன. இதிலிருந்து பெறப்படும் முடிவு மிகவும் கவனிக்கத்தக்கது. ஆண்டுதோறும் தழையும் எருவும் கண்டு, உயிர்ச்சத்து மிகுந்து, ஈரம் காக்கும் மண்ணில் பச்சையாக மடக்கும் முறை அதிகக் கேடின்றி முடியும். வெயிலில் காய்ந்து, மேல்மண் அரித்து, உயிர் குன்றிய செம்மண்ணில் அதே முறை நீடித்த தீங்கு விளைவிக்கும். எந்தத் தோட்டத்துக்கு எரு மிக அவசரமாகத் தேவைப்படுகிறதோ, அந்தத் தோட்டமே பச்சைப் பார்த்தீனியத்தை ஏற்கத் தகுதி குறைந்தது.

இனிப் பார்த்தீனியத்தை எருவாக்கும் முறையின் குணங்களை நடுநிலையில் நின்று எண்ணிப் பார்ப்போம். பூக்காத இளம் பார்த்தீனியம் தழைச்சத்து நிரம்பியது. நகரம் விரிய விரிய மேய்ச்சல் நிலம் சுருங்கி, மாடுகள் குறைந்து, தொழுவுரம் அருமைப்பட்டுவிட்ட பெங்களூர்ப் புறப்பகுதியில், காசின்றித் தானே விளையும் தழையை வீணாக்காமல் பயன்படுத்துவது விவேகமே. ஜபல்பூரிலுள்ள களை ஆராய்ச்சி இயக்ககம் பரப்பிவரும் முறை இதற்கு ஒரு நல்ல மாதிரி: 3 அடி ஆழமும் 6 அடி அகலமும் 10 அடி நீளமும் உள்ள குழியில் பூக்காத செடிகளை வேரோடு அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கின்மேலும் சாணிக்கரைசல் தெளித்து, சிறிது யூரியாவோ ராக் பாஸ்பேட்டோ தூவி, மண் போட்டு, நிரம்பியதும் சாணமும் மண்ணும் குழைத்து மேலே மெழுகி மூடிவிட வேண்டும். நான்கைந்து மாதத்தில் எரு பதமாகும். சரிவரச் சூடேறிய குழியில் நஞ்சு சிதைகிறது. தப்பித் தவறி உள்ளே சென்ற விதையும் பெரும்பாலும் மாய்கிறது. நிலத்தில் செய்தால் பயிரின் செலவில் நடக்கக்கூடிய சிதைவை, பயிருக்கு எட்டாத குழியில் நுண்ணுயிர்களைக்கொண்டே நடத்திவிடுவதுதான் இம்முறையின் சாமர்த்தியம்.

இனிக் குற்றங்களுக்கு வருவோம். முதலாவது, காலம் தவறுதல். மழை விட்டு ஆள் கிடைப்பதற்குள் செடி பூத்துவிடுகிறது. பூத்த செடியை மடக்குவதும் மூடாக்காக இடுவதும் மரத்தூரில் விதைப்பதற்குச் சமானம். மண்ணில் புதைந்த விதை ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த உழவு மேலே கொணரும்போது முளைக்கிறது. இரண்டாவது, பல குழிகள் பெயரளவுக்கே குழிகளாக இருப்பது. ஈரம் போதாமல், மூடப்படாமல், சூடேறாமல் பாதி வெந்த எருவை இளங்கன்றுக்கு இடும் தோட்டக்காரர், கன்றின் சல்லிவேருக்கு அருகிலேயே கேட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். மூன்றாவது, நான் மிகவும் கவலையோடு சொல்ல விரும்புவது, கூலியாட்களின் உடல்நிலை. இச்செடியைத் தொட்டுத் தொட்டுத் தோல் தடித்து, வெடித்து, நீர்கசியும் ஒவ்வாமை நோய்க்கும், மகரந்தத்தால் மூச்சிரைப்புக்கும் ஆளாகிறவர்கள் உண்டு. காசின்றிக் கிடைக்கும் எரு என்று கணக்கெழுதும்போது, வெறுங்கையால் பிடுங்கும் பெண்களின் மேனியும் மூச்சும் அக்கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. கையுறையும் முகத்துணியும் கொடுக்க இயலாத தோட்டத்துக்கு இம்முறையைப் போற்றும் உரிமை கிடையாது.

மாற்று வழிகளும் குறையற்றவை அல்ல. இடைவிடாத உழவு தரையைத் துப்புரவாகக் காட்டும்; ஆனால் மாமரத்தின் சல்லிவேர்கள் பரவியிருக்கும் மேல்மண்ணைக் கிளறி, வேரோடு கூடி வாழும் வேர்ப்பூஞ்சையின் நுண்ணிழைகளை ஒவ்வொரு முறையும் அறுத்துவிடும். செம்மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை இறுகப் பிடித்துக்கொள்வதனால், அதனை மண்ணிலிருந்து தேடி எடுத்து வேருக்குக் கொடுக்கும் இப்பூஞ்சை இந்நிலத்து மரங்களுக்கு இன்றியமையாதது. ஹெப்பாளத்து வேளாண் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பாகியராஜும் அவர் மாணாக்கரும் பல்லாண்டுகள் பாடுபட்டு வளர்த்த ஆராய்ச்சித் துறையும் இதுவே. பார்த்தீனியத்தின் வேரிலும் இப்பூஞ்சை குடியேறுகிறது என்பதையும், யாதொரு பச்சையுமின்றி நெடுங்காலம் கிடக்கும் வெறுந்தரையில் அது பட்டினியால் நலிகிறது என்பதையும் மறைக்கலாகாது. களைக்கொல்லியின் வழியோ வேறு வகையில் சங்கடமானது. கிளைஃபோசேட் என்னும் களைமருந்து செடியில் எந்த நொதியைத் தடுத்து அதைக் கொல்கிறதோ, அந்த நொதி மண்ணிலுள்ள பல பாக்டீரியாக்களிடமும் பூஞ்சைகளிடமும் உண்டு. 2022ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு இம்மருந்தின் உபயோகம் பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளர்கள் வாயிலாக மட்டுமே நடக்க வேண்டுமென்று கட்டுப்பாடு விதித்தது. மருந்தடித்த தரையும் சில வாரங்களில் மீண்டும் வெறுந்தரையே. வெறுந்தரையை முதலில் பிடிப்பது மீண்டும் பார்த்தீனியமே.

அயல்களைகள் மண்ணின் உயிர்க்கூட்டத்தையே தமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்கின்றன என்பதற்கு வேறிடத்துச் சான்றுகளும் உள. மேற்குத் தொடர்ச்சி மலையில் குரோமொலேனா என்னும் புதர்க்களையின் அடிமண்ணில், உள்நாட்டுச் செடிகளைத் தாக்கும் ஃபியூசேரியம் பூஞ்சை பெருகிக் கிடப்பதை டில்லிப் பல்கலைக்கழகத்து இந்தர்ஜித் முதலானோர் 2008இல் காட்டினார்கள். வட அமெரிக்கக் காடுகளில் ஐரோப்பியக் களையாகிய பூண்டுக்கடுகு, மரக்கன்றுகளின் வேர்ப்பூஞ்சையைக் குலைத்து அவற்றின் வளர்ச்சியை ஒடுக்குவதை 2006இல் வெளியான ஆய்வு நிறுவியது. களையை அகற்றியபின்னும் அதன் செய்கை மண்ணில் சிறிது காலம் தொடரும் என்பதே இவற்றின் படிப்பினை. ஆகவே பிடுங்குவதோடு கடமை முடிந்துவிடாது.

பெங்களூருக்கே உரிய இன்னொரு முயற்சியையும் இங்கே நினைக்க வேண்டும். மெக்ஸிகோவிலிருந்து 1983இல் கொண்டுவரப்பட்டு, மறு ஆண்டு பெங்களூரில் விடப்பட்ட ஸைகோகிராமா என்னும் வண்டு, ஹேசரகட்டாவிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகளின் கண்காணிப்பில் பெருகி, மழைக்காலத்தில் பார்த்தீனியத்தை இலையின்றி மொட்டையடித்தது. சூரியகாந்தியையும் அது கடிப்பதாகப் புகார் எழுந்து, விசாரணைக்குழு அமைக்கப்படும் அளவுக்கு ஒருகாலத்தில் அச்சம் பரவியது. ஆயினும் பெருந்தீங்கு நேரவில்லை. வறண்ட மாதங்களில் வண்டு மண்ணுக்குள் புதைந்து உறங்கிவிடுவதனால், நீர்ப்பாசனம் உள்ள தோட்டத்தில் அந்நாட்களில் களை தங்குதடையின்றி வளர்கிறது. கர்நாடகத்தில் சிலர் போட்டிச் செடியாகப் பரப்பிய சென்னா யூனிஃப்ளோரா பார்த்தீனியத்தை நெருக்கி ஒடுக்குவது உண்மையே. ஆனால் அதுவும் வெப்ப அமெரிக்காவிலிருந்து வந்ததே, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் வேர்முடிச்சு கட்டி நிலத்துக்குத் தழைச்சத்து சேர்ப்பதுமன்று. ஒரு வந்தேறியை இன்னொரு வந்தேறியால் விரட்டுவது பழத்தோட்டத்துக்கு ஏற்ற ஏற்பாடாக எனக்குத் தோன்றவில்லை.

இவையனைத்தையும் சீர்தூக்கினால், பார்த்தீனியத்தை எருவாக்கும் முறையை முழுவதும் தள்ளவும் வேண்டா, முழுவதும் கொள்ளவும் வேண்டா என்பது தெளிவாகும். பூக்குமுன் பிடுங்கிக் குழியிலிட்டு நன்றாக மக்கவைத்து, வளர்ந்த மரத்துக்கு இடுவது ஏற்கத்தக்கது. பூத்தபின் எவ்வகையிலும் நிலத்தில் சேர்ப்பதும், இளங்கன்றின் தூரில் பச்சையாகப் பரப்புவதும் விலக்கத்தக்கவை. வேறு வழியின்றிப் பச்சையாக மடக்க நேர்ந்தால், ஈரம் காத்து, சாணமிட்டு, மூன்று நான்கு வாரமாவது பொறுத்தபின்னரே பயறுவகையை விதைக்க வேண்டும்; நஞ்சைச் சிதைக்கும் உயிர்களுக்கு அவகாசமும் உணவும் அளிப்பது அப்பொறுமையே.

ஆனால் இம்முறை தனித்து நின்று களையை ஒருநாளும் ஒழிக்காது என்பதை அதன் ஆதரவாளர்கள் மனதார ஒப்புக்கொள்ள வேண்டும். பார்த்தீனியத்தை அழைப்பது வெறுந்தரை. பிடுங்கிய இடத்திலேயே, அதே மழையின் ஈரத்தில், கொள்ளோ காராமணியோ மொச்சையோ விதைத்துத் தரையை மூடினால், களைக்கு வெளிச்சம் மறுக்கப்படுகிறது, வேர்ப்பூஞ்சைக்கு உணவு கிடைக்கிறது, ரைசோபியம் மண்ணில் பெருகுகிறது, அறுவடை கையில் வருகிறது. பல தலைமுறைகளாக மாந்தோப்பின் இடைவெளியில் ஊடுபயிர் செய்துவந்த இந்நாட்டுக் குடியானவர்கள் அறிந்த காரியந்தான் இது. கூலிச் செலவுக்கு அஞ்சியும், வீட்டுமனை விலையை எதிர்பார்த்துத் தோட்டத்தைக் கவனியாது விட்டும், நாம் அதைக் கைவிட்டோம். எருக்குழியைப் பற்றி உபதேசிக்கும் வேளாண்மை அதிகாரிகள் அதே உபதேசத்தோடு ஒரு படி விதையையும் ஒரு ஜோடி கையுறையையும் தோட்டக்காரர் கையில் கொடுப்பார்களாயின், அப்போது இம்முறையின் குணங்கள் குற்றங்களை விஞ்சி நிற்கும் என்பதே என் துணிபு.