'சூரியப் புயல்' என்னும் சொல்லாட்சி: ஒரு மதிப்பீடு

தமிழ் அறிவியல் எழுத்தில் 'சூரியப் புயல்' என்னும் தொடர் இருவேறு நிகழ்வுகளுக்குப் பொதுப்பெயராக வழங்குகிறது. சூரிய வளிமண்டலத்தில் காந்த ஆற்றல் திடீரென வெளிப்பட்டு ஒளிரும் சுடர் ஒன்று. காந்தப்புலத்துடன் பெருமளவு மின்மப் பொருள் விண்வெளியில் வீசப்படும் பொருண்மை உமிழ்வு மற்றொன்று. இரண்டிற்கும் ஒரே பெயர் தகுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

காரைக்கால் கடற்கரையின் மீனவ ஊரான கிளிஞ்சல்மேட்டில் புயல் என்பது உருவகமன்று. 2018 நவம்பரில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரைகடந்த கஜா புயல் காரைக்கால் பகுதியிலும் உணரப்பட்டது. அங்கு இச்சொல்லில் காற்றும் அலையும் மட்டுமன்றி முன்னறிவிப்பும் அடங்கியுள்ளது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படும். படகுகள் கரையில் நிற்கும்.

சுடருக்கு இப்பொருள் பொருந்தாது. அதன் எக்ஸ் கதிர்கள் சுமார் 8 நிமிடங்களில் புவியை அடைகின்றன. கருவி அதனைக் காணும் கணமே அது வந்துசேர்ந்த கணமுமாகும். தொடக்கக் கட்டத்தில் ஒளிச்செறிவு நொடிகளுக்குள் மாறுவதால் அதிவேகப் படப்பிடிப்பு இன்றியமையாததாகிறது. படம் இடத்தையும் நேரத்தையும் காட்டும். நிறமாலை வெப்பநிலையையும் பொருளின் வேகத்தையும் உணர்த்தும். 1909இல் கோடைக்கானலில் ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளில் வளிம ஓட்டத்தைக் கண்டறிந்ததும் நிறமாலைக் கோடுகளின் பெயர்ச்சியைக் கொண்டேயாகும். ஆதித்யா-எல்1 விண்கலத்தின் ஹெலியோஸ் என்னும் எக்ஸ் கதிர் நிறமாலைமானி, 2023 அக்டோபர் 29 அன்று சுடரின் தொடக்கக் கட்டத்தைப் பதிவுசெய்தது.

பொருண்மை உமிழ்வோ புவியை அடையப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள்கள் ஆகும். 2024 மே 10 அன்று தொடங்கிய கடும் புவிக்காந்தக் கொந்தளிப்பு, அடுத்தடுத்து வந்த இத்தகைய உமிழ்வுகளின் விளைவே. இங்கு முன்னறிவிப்புக்கு அவகாசம் உண்டு. எனவே புயல் என்னும் உருவகம் ஓரளவு பொருந்துகிறது. ஆயினும் இப்புயலால் காற்று வீசுவதில்லை. கடலில் அலை எழுவதுமில்லை. செயற்கைக்கோள்வழி இடங்காட்டியின் துல்லியமும் நெடுந்தொலைவு வானொலித் தொடர்பும் பாதிக்கப்படக்கூடும்.

ஆகவே சுடரைச் 'சூரியச் சுடர்' என்றே வழங்குதலும், 'சூரியப் புயல்' என்பதைப் பொருண்மை உமிழ்வால் விளையும் கொந்தளிப்புக்கு மட்டும் உரியதாக்குதலும் தகும். அவ்வாறு வழங்கும்போதும் பாதிப்பு இன்னதென்று உடன் குறிப்பிடுதல் வேண்டும். செய்தியில் 'புயல்' என்று கண்டதும் கிளிஞ்சல்மேட்டு மீனவர் கடலைப் பார்ப்பார். அவர் பார்க்க வேண்டியது படகிலுள்ள இடங்காட்டியை. கலைச்சொல்லின் தகுதியை அளக்க இவ்வேறுபாடே போதிய அளவுகோலாகும்.