எண்ணி எறிந்த பந்து

அமெரிக்கக் கவிஞர் மரியான் மூர் (1887–1972) புரூக்ளினில் நெடுங்காலம் வாழ்ந்து, அவ்வூர் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியைக் கொண்டாடியவர். 1968இல் நியூயார்க்கின் யாங்கி மைதானத்தில் பருவத்தின் முதற்பந்தை எறிந்தவரும் அவரே. அவருடைய கவிதையை முதன்முறை படிப்பவர், விதி தெரியாமல் ஆட்டம் பார்க்க வந்தவரைப் போலத் திகைக்கிறார். ஒரு வரி ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட, அடுத்தது நீண்டு செல்ல, உரைநடைபோல் ஓடும் வாக்கியம் எதிர்பாராத இடத்தில் முறிகிறது. அந்த முறிவுகள் ஒவ்வொன்றும் கணக்கிட்டவை என்பது தெரிந்தபின் அதே கவிதை வேறாகத் தோன்றுகிறது.

ஆங்கில மரபு யாப்பு சொல்லில் விழும் அழுத்தத்தை அளவாகக் கொள்வது. மூர் அதை விடுத்து, ஓர் உயிரொலியை மையமாகக் கொண்ட ஒலிக்கூறாகிய 'சிலபிளை' மட்டும் எண்ணினார். தமிழ் அசையும் இதுவும் ஒன்றல்ல, ஏனெனில் நிரையசையில் இரண்டு உயிரொலிகள் உண்டு. ஒற்று நீக்கி அடிக்கு 16 அல்லது 17 எழுத்தென எண்ணும் கட்டளைக் கலித்துறையே இதற்கு மிக நெருங்கியது. அந்த யாப்பில் அமைந்த அபிராமி அந்தாதியில் எல்லா அடிகளும் ஏறக்குறைய ஒரே அளவாக நிற்க, மூரிடம் அடிதோறும் அளவு மாறி, அந்த மாற்றத்தின் வரிசையே பத்திதோறும் திரும்பி வருகிறது.

1918இல் முதலில் வெளிவந்த 'தி ஃபிஷ்' கவிதையின் இறுதி வடிவத்தில் ஒவ்வொரு பத்தியும் 1, 3, 9, 6, 8 சிலபிள்கள் கொண்ட ஐந்து அடிகளாக வகுக்கப்பட்டுள்ளது. தலைப்பே முதல் வாக்கியத்தின் எழுவாயாகிவிடுவதால், தலைப்பைக் கடந்து கவிதைக்குள் நுழைந்ததாக எண்ணும் வாசகர் ஏற்கெனவே வாக்கியத்தின் நடுவில் நிற்கிறார். கடலின் அடியும் தாக்குதலும் வடுவாகப் பதிந்த பாறையைக் காட்டும் பகுதியில், விபத்து எனப் பொருள்படும் 'ஆக்சிடென்ட்' என்ற சொல்லையே உடைத்து, அதன் முதல் ஒலிக்கூறைத் தனி அடியாக நிறுத்தி, அடுத்த அடியின் இறுதியோடு இயைபு கொள்ளச் செய்திருக்கிறார். பாறையின் காயம் சொல்லின் மேலேயே விழுந்திருக்கிறது. அந்த வெட்டு விழுந்த இடமோ எண்ணிக்கை முன்பே வகுத்துவைத்த இடம். நவீன ஆங்கிலக் கவிதையில் இத்தனை நுட்பமான கைவேலை அரிது.

பேஸ்பாலில் பந்தெறிபவர் நிற்குமிடத்துக்கும் அடிப்பவரின் தட்டுக்கும் இடையே உள்ள தூரம் 60 அடி 6 அங்குலம். அது மாறாது என்பதால்தான் வேகத்தையும் வளைவையும் மாற்றி அடிப்பவரை ஏமாற்ற முடிகிறது. மூரின் எண்ணிக்கை அத்தகைய மாறாத தூரம். அதற்குள் வாக்கியம் விரைந்தும் தயங்கியும் திரும்பியும் வருகிறது. எழுத்தையும் இந்த ஆட்டத்தையும் இணைத்து 1961இல் அவர் தனிக் கவிதையே எழுதியது பொழுதுபோக்குக்காக மட்டும் என்று கொள்வதற்கில்லை.

எல்லாக் கவிதைகளிலும் இந்தக் கை ஒரே தேர்ச்சியைக் காட்டுவதில்லை. செய்தித்தாள், விளம்பரக் கையேடு முதலியவற்றிலிருந்து எடுத்த மேற்கோள்களை அடுக்கும் நீண்ட கவிதைகள் சில, வாசகரை வழியில் சோர்வடையச் செய்கின்றன. தம் எழுத்தைத் தாமே வெட்டுவதில் மூர் இரக்கம் காட்டியவரல்லர். 'பொயட்ரி' என்ற புகழ்பெற்ற கவிதையை 1967இல் வந்த தொகுப்பில் மூன்றே அடிகளாகக் குறைத்தார். அந்த வெட்டு மிகையானதே. நீக்கிய அடிகளோ முற்றிலும் மறைந்துவிடவில்லை; அதே நூலின் பின்னிணைப்புக் குறிப்புகளில், பக்கம் புரட்டிப் பார்ப்பவர்க்கு, நெடிய வடிவம் அச்சாகியிருக்கிறது.